யாருடைய நடைக்கு ஏற்ற பயணம்?



ஹைதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒருகாலத்தில் விடுமுறை என்றால் ஒரே திசைதான். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறித் தெற்கே சொந்த ஊருக்குப் போவதும், பள்ளி திறக்குமுன் திரும்பி வருவதுமே நாம் அறிந்த பயணம். இன்றோ நம் பிள்ளைகள் பலர் சியாட்டிலிலும் கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பணிபுரிகிறார்கள். பெற்றோர் ஐந்தாறு மாதங்கள் அவர்களோடு தங்கி வருகிறார்கள். அந்த நாட்களில் பெரும்பகுதி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதிலும் சமையலறையிலும் கழிந்துவிடுகிறது. "அப்பா அம்மாவை ஒரு நல்ல இடத்துக்கு அழைத்துப் போகவேண்டும்" என்று பிள்ளைகள் எண்ணும்போது, இப்பொழுதெல்லாம் நம் காதில் விழும் பெயர்களில் ஒன்று அலாஸ்கா.

ஒரு வாரம் கப்பலில்; அதன்பின் நான்கைந்து நாட்கள் தரைவழியே காட்டுக்குள். தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் ஒன்றாய்ப் போகலாம் என்பது இதன் சிறப்பு. இதைத் திட்டமிடும் குடும்பம் முதலாவது கேட்பது, "எந்தக் கப்பல்? எவ்வளவு செலவு?" என்பதே. ஆனால் முதலாவது கேட்கவேண்டிய கேள்வி வேறு. நம்மில் மிகவும் மெதுவாய் நடக்கிறவர் யார்?

ஏசா தன்னோடுகூடப் பிரயாணப்படும்படி அழைத்தபோது யாக்கோபு அதற்கு இசையவில்லை என்பதை நாம் அறிவோம். பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் கறவையான ஆடுமாடுகள் உண்டு, ஒரேநாள் விரைந்து ஓட்டினாலும் அவை தாங்கமாட்டா என்பதை அவன் அறிந்திருந்தான். பலமற்றவர்களின் நடையே அந்தக் கூட்டம் முழுவதற்கும் வேகமாயிற்று. குடும்பப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த அளவுகோலை நான் அறியேன். இம்மாதம் அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அலாஸ்கா பயணத்தைப் படிப்படியாய்ப் பார்ப்போம்.

தூரத்தை முதலில் உணருங்கள்

1867-ம் ஆண்டு அமெரிக்கா 72 லட்சம் டாலர் கொடுத்து ரஷ்யாவிடமிருந்து வாங்கிய நிலம் அலாஸ்கா. அதன் பரப்பு ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் இந்தியாவில் பாதிக்கும் அதிகம். அங்கே வாழும் மக்களோ ஏழரை லட்சத்துக்கும் குறைவு. 2011-ம் ஆண்டு கணக்கெடுப்பில் ஹைதராபாத் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 67 லட்சம்பேர் இருந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. கப்பலில் போகவேண்டும், இல்லையேல் விமானத்தில் போகவேண்டும்.

இந்த விசாலமே அதன் அழகு. முதியவர்களுக்கு அதுவே சோர்வுமாகும். கப்பல் வந்து சேரும் சியுவர்ட் துறைமுகத்திலிருந்து ஆங்கரேஜ் நகரம் ஏறக்குறைய 200 கி.மீ. அங்கிருந்து டெனாலி தேசியப் பூங்காவின் வாசல் 380 கி.மீ. அதற்கும் வடக்கே ஃபேர்பேங்க்ஸ் 200 கி.மீ. ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்கு ரயிலில் போனால் ஏறக்குறைய 12 மணி நேரம். சென்னைக்கு இரவு ரயிலில் போய்ப் பழகியவர்களுக்கு இது பெரிதாய்த் தோன்றாது. ஆனால் அந்த ரயிலில் படுக்கை வசதி இல்லை. பகல் முழுவதும் உட்கார்ந்தே போகவேண்டும் என்பதை மறவாதிருங்கள்.

கப்பல் மட்டுமா, கப்பலும் தரையுமா?

கப்பல் பயணங்கள் இரண்டு வகை. முதல் வகை, சியாட்டில் அல்லது வான்கூவரில் புறப்பட்டு, கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே முதலிய துறைகளைப் பார்த்துவிட்டு, ஏழாம் இரவின் முடிவில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும். வழியின் பெரும்பகுதியில் தீவுகள் அலையைத் தடுப்பதால் கடல் பொதுவாய் அமைதியாயிருக்கும்.

இரண்டாம் வகை, வான்கூவரில் ஏறி, வடக்கே விட்டியர் அல்லது சியுவர்டில் இறங்கி, அங்கிருந்து ரயிலிலும் பேருந்திலும் டெனாலிவரை போவது. தரைவழிப் பயணத்தோடு இணைவது இதுவே. இதில் ஒருநாள் அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலைக் கடக்கவேண்டும். அங்கே கப்பல் ஆடக்கூடும். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுப்பது நல்லது.

நடக்கச் சிரமப்படும் தாயாரோ தகப்பனாரோ உடன் வந்தால், எதிர்த்திசையில் போகும் பயணத்தைத் தேடுங்கள். அதாவது, தரைவழியை முதலில் முடித்துவிட்டுப் பின்பு கப்பலில் ஏறுங்கள். அதிகாலையில் எழுந்து பெட்டி கட்டும் நாட்கள் உடலில் தெம்பு இருக்கும்போதே முடிந்துவிடும். பிந்திய ஏழு நாட்கள் இளைப்பாறுதலாய் அமையும். தரைவழியில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரவாவது தங்குங்கள். சில துறைகளில் கப்பல் கரையை அணையாமல் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகில் இறக்குவதுண்டு. சக்கர நாற்காலியில் இருக்கிறவருக்கு அது இயலாமற்போகலாம். ஆகையால் முன்பதிவுக்கு முன்பே அதைக் கேட்டு அறியுங்கள்.

கனடா என்னும் வாசல்

நம்மவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். "அமெரிக்க விசா இருக்கிறது, அலாஸ்காவும் அமெரிக்காதானே" என்று எண்ணிப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் 1886-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று, அந்நியக் கொடியுடைய கப்பல்கள் ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து மற்றொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோவதைத் தடைசெய்கிறது. சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பலும் வழியில் ஓர் அந்நியத் துறைமுகத்தைத் தொடவேண்டும். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுகிறவை. எனவே சியாட்டிலில் புறப்படும் கப்பலும் விக்டோரியா போன்ற கனடியத் துறையில் சில மணி நேரமாவது நிற்கிறது. 2021-ம் ஆண்டு கொள்ளைநோயினிமித்தம் கனடா தன் துறைகளை அடைத்தபோது, அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாய்ச் சட்டத்தைத் தளர்த்திய பின்பே கப்பல்கள் ஓட முடிந்தது.

இந்திய பாஸ்போர்ட் உடையவர் கனடாவுக்குள் போக விசா வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் மகனுக்கும் அது வேண்டும். கிரீன் கார்டு பெற்றவருக்கு அந்த விசா தேவையில்லை. பெற்றோர் ஹைதராபாத்திலிருந்தே விண்ணப்பித்து, இங்குள்ள வி.எஃப்.எஸ். மையத்திலேயே கைரேகை கொடுக்கலாம். அமெரிக்காவுக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதைவிட, இங்கே முடிப்பது எளிது. கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் திரும்பி நுழையவேண்டியிருப்பதால், பெற்றோரின் அமெரிக்க விசா பலமுறை நுழைவதற்கு உரியதா என்றும் பாருங்கள். மகனுடைய பாஸ்போர்ட்டிலுள்ள எச்-1பி முத்திரை காலாவதியாகியிருந்தால், புறப்படுமுன் வழக்கறிஞரிடம் ஆலோசனை கேளுங்கள்.

அமெரிக்க விசா நேர்காணலுக்கு நானக்ராம்கூடாவிலுள்ள துணைத் தூதரகத்தில் நாள் கிடைக்கவே பல மாதங்கள் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. எனவே எல்லா விசாவும் கைக்கு வருமுன் கப்பலுக்கு முழுத்தொகையைக் கட்டாதிருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் முன்பணம் மட்டும் பெற்று, மீதியைப் புறப்பாட்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு கேட்கின்றன.

இந்த வாசலில் காவலர் நிற்பது புதிதல்ல. 1898-ம் ஆண்டு கிளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு ஆயிரமாயிரம் பேர் ஸ்காக்வே வழியாய் மலையேறினார்கள். எல்லையில் நின்ற கனடியக் காவலர்கள், ஓராண்டுக்குரிய உணவும் பொருளும் இல்லாத எவரையும் உள்ளே விடவில்லை. அது ஏறக்குறைய ஒரு டன் எடை. அதைப் பகுதி பகுதியாய்ச் சுமந்து, ஒரே மலையில் பலமுறை ஏறி இறங்கினார்கள். கொடுமை என்று அன்று பலர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கண்டிப்பு பசியால் மடியாதபடி அநேகரைக் காத்தது. நாம் சலித்துக்கொள்ளும் விண்ணப்பத் தாள்களும் சிலவேளைகளில் அப்படிப்பட்டவையே.

கனடிய விசா கிடைக்காவிட்டால் பயணத்தையே கைவிடவேண்டுமா? வேண்டியதில்லை. சியாட்டிலிலிருந்து ஆங்கரேஜுக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ரயிலில் சியுவர்ட் போய், ஒருநாள் படகில் கீனாய் ஃபியார்ட்ஸ் தேசியப் பூங்காவின் பனியாறுகளையும் கடல்வாழ் உயிரினங்களையும் பார்க்கலாம். பின்பு டெனாலிக்குப் போகலாம். கடலும் காடும் இரண்டும் கிடைக்கும், கனடாவைத் தொடவேண்டியதில்லை.

எந்த மாதம்?

கப்பல்கள் மே முதல் செப்டம்பர்வரை முக்கியமாய் ஓடுகின்றன. ஹைதராபாத்திலிருந்து பேரப்பிள்ளைகள் யாராவது வருவதானால், பள்ளிகள் ஜூன் இரண்டாம் வாரத்தில் திறந்துவிடும். டெனாலியில் கோடைக்காலப் பேருந்துகள் ஓடத்தொடங்குவது மே 20-ஐ ஒட்டி. ஆகவே மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் நமக்கு ஏற்ற காலம். தென்கிழக்கு அலாஸ்காவில் மழை குறைந்த மாதங்களில் மேயும் ஒன்று; கொசுத்தொல்லையும் இன்னும் பெருகியிராது.

மழை குறைவு என்று சொன்னாலும், கெட்சிகனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை நம் ஹைதராபாத்தைப்போல நான்கு மடங்கு. குடையைவிட, தொப்பியோடு கூடிய மழைச்சட்டையே உதவும். பனியாற்றின் அருகே கப்பல் நிற்கும்போது மேல்தளத்தில் குளிர்காற்று வீசும். ஒரே கனத்த கோட்டைவிட, ஒன்றின்மேல் ஒன்றாய் அணியும் மூன்று மெல்லிய உடைகள் நலம். ஜூன் மாதத்தில் ஃபேர்பேங்க்ஸில் சூரியன் ஏறக்குறைய 22 மணி நேரம் மறைவதில்லை. உறக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மாறும். கண்ணை மூடும் துணி ஒன்றைக் கொண்டுபோங்கள்.

பணமும் உடல்நலமும்

விளம்பரத்தில் காணும் தொகை முழுத்தொகை அல்ல. துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்குரிய அன்பளிப்பு, துறைகளில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலாக்கள், இணைய வசதி ஆகிய யாவும் தனி. அன்பளிப்பு மட்டும் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் நபருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர்வரை ஆகிறது. ஆறுபேர் ஏழு இரவு தங்கினால் அதுவே 700 டாலரைத் தாண்டக்கூடும். மதுபானத் தொகுப்பு சேர்க்கப்பட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோர் இந்தியாவிலிருந்தே தொகுப்பை வாங்கினால் டி.சி.எஸ். என்னும் வரிப்பிடித்தம் உண்டு. வருமானவரிக் கணக்கில் அதைக் காட்டித் திரும்பப் பெறலாம். சீட்டுப் பணத்தையோ தனிநபர் கடனையோ நம்பி இப்பயணத்தைத் தொடங்கவேண்டாம். பத்துநாள் மகிழ்ச்சிக்கு இரண்டாண்டு தவணை கட்டுவது வீட்டின் சமாதானத்தைக் குலைக்கும்.

துறைகளில் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்பதில்லை. ஹெலிகாப்டரில் பனியாற்றின்மேல் இறங்க நபருக்குப் பல நூறு டாலர் ஆகும். ஜூனோவிலிருந்து பேருந்தில் போய், சமமான பாதையில் சற்று நடந்தால், மெண்டன்ஹால் பனியாற்றைத் தாத்தா பாட்டியும் கண்ணாரக் காணலாம்.

இனி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஆசையாய் ஏற்பாடு செய்கிறார்களே என்று மூட்டுவலியையும் நெஞ்சுப் படபடப்பையும் மறைத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. அப்படிச் செய்யாதிருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயச் சிகிச்சை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். மறைத்தால், தேவைப்படும் நாளில் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் கட்டணம் அதிகம், பெரிய சிகிச்சைக்கு வசதியும் இல்லை. விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவும் காப்பீட்டில் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். அலாஸ்காவின் கோடை நேரம் நம்முடையதைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. அமெரிக்கா போய் இறங்கி இரண்டு வாரமாவது ஆனபின் கப்பலில் ஏறுங்கள்.

மலை ஏறிய நால்வரும், காத்திருந்த ஒருவனும்

தரைவழிப் பயணத்தின் முடிவில் நீங்கள் காணவிரும்பும் மலை டெனாலி. உயரம் 6,190 மீட்டர். வட அமெரிக்காவில் இதைவிட உயர்ந்தது இல்லை. அந்தப் பெயர் அங்குள்ள பூர்வகுடிகள் வைத்தது. அமெரிக்க அரசு நெடுங்காலம் மெக்கின்லி என்று அழைத்து, 2015-ல் டெனாலி என்று மாற்றி, 2025-ல் மீண்டும் மெக்கின்லி என்றது. பூங்காவின் பெயர் டெனாலி என்றே நிற்கிறது.

1913-ம் ஆண்டு ஜூன் 7-ம் தேதி அதன் தென்சிகரத்தில் முதன்முதல் ஏறியவர்கள் நால்வர். குழுவைக் கூட்டியவர் ஹட்ஸன் ஸ்டக் என்னும் எபிஸ்கோபல் சபை ஊழியர். அப்போது அவருக்கு 49 வயது. சிகரத்தில் முதலாவது கால் வைத்தவரோ அவர் அல்ல. பூர்வகுடித் தாய்க்குப் பிறந்த வால்டர் ஹார்ப்பர் என்னும் இருபது வயது வாலிபன். ஸ்டக் மூச்சுத்திணறி, கடைசிச் சில அடிகளை மற்றவர்கள் தூக்கிவிட ஏறி, உச்சியில் சற்றுநேரம் நினைவிழந்தார். பின்பு நால்வரும் சேர்ந்து நன்றி ஜெபம் செய்தார்கள். பலவீனனான ஒருவரைக் கீழே விட்டுவிட்டு மூவர் மட்டும் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஒருவன் உண்டு. ஜானி ஃப்ரெட்ஸன் என்னும் பூர்வகுடிச் சிறுவன் மலையடிவாரக் கூடாரத்தில் 31 நாட்கள் தனியே காத்திருந்தான். மேலே போனவர்களின் சர்க்கரை தீவிபத்தில் எரிந்துபோயிருந்தது. அவர்கள் இறங்கி வந்தபோது, தனக்குரிய சர்க்கரையை உண்ணாமல் சேர்த்துவைத்திருந்து அவர்களுக்குக் கொடுத்தான். அவன் சிகரத்தைக் காணவில்லை. ஆனால் பின்னாளில் தன் மக்களின் தலைவர்களில் ஒருவனாய் உயர்ந்தான்.

வால்டர் ஹார்ப்பரின் முடிவு துயரமானது. 1918-ம் ஆண்டு அக்டோபரில், மணமாகிச் சில வாரங்களே ஆன நிலையில், மனைவியோடு ஸ்காக்வேயில் பிரின்சஸ் சோஃபியா என்னும் கப்பலில் ஏறினார். கப்பல் பாறையில் சிக்கி, பின்பு மூழ்கியது. அதிலிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. உங்கள் கப்பல் ஸ்காக்வேக்கும் ஜூனோவுக்கும் இடையே செல்வது அதே நீர்வழியில்தான். இன்றைய கப்பல்களில் பாதுகாப்பு மிகுதி. ஆயினும் அவ்விடத்தைக் கடக்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாலிபனைக்குறித்துச் சொல்லுங்கள்.

பிரியமானவர்களே, டெனாலிக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே அந்த மலை முழுமையாய்த் தெரிகிறது. மற்ற நாட்களில் மேகம் மூடிக்கொள்ளும். பூங்காவின் 148 கி.மீ. சாலையும் 2021-ம் ஆண்டு நிலச்சரிவினால் 43-ம் மைலில் அடைபட்டது. நீங்கள் போகும் ஆண்டில் பேருந்து எதுவரை செல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு திட்டமிட்டாலும் மலையைக் காண்போம் என்று யாரும் உறுதி தரமுடியாது. உறுதியாய் நம் கையில் இருப்பது ஒன்றே: உடன் வருகிறவர்களில் ஒருவரும் பின்தங்கிவிடாதபடி நடப்பது.

ஆகையால் முன்பதிவு செய்யுமுன் ஒரு மாலைப்பொழுதில் குடும்பமாய் உட்காருங்கள். தூரத்தில் இருப்பவர்கள் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளட்டும். அம்மாவிடம், "எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேளுங்கள். "எனக்கென்ன, நீங்கள் சொல்கிறபடி வருகிறேன்" என்று அவர்கள் சொன்னால், அதோடு விட்டுவிடாதிருங்கள்; மறுபடியும் கேளுங்கள். ஒருநாள் அவர்கள் கப்பலிலேயே இருக்க விரும்பினால், மகனோ மகளோ ஒருவர் கூடவே இருங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் பனிமலை நகர, தாயோடு உட்கார்ந்து தேநீர் அருந்தும் அந்த மணி நேரத்தை எந்தப் பயண நிறுவனமும் விலைப்பட்டியலில் காட்டுவதில்லை.